எதையும் அழிக்காத ஜீவராணி

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணினியைப் பார்த்துக்கொள்பவள் ஜீவராணி. அங்கே அதிகாரிகள் மாறுவார்கள், அவள் மாறமாட்டாள். திறமைதான் காரணம், கூடவே, அவள் எதையும் அழித்ததுமில்லை.

புதிதாக வரும் ஒவ்வோர் அதிகாரியும் முதல் வேலையாகக் கணினியை அன்றிருக்கும் நிலையில் அப்படியே ஒரு ‘ஸ்னாப்ஷொட்’ எடுத்து வைக்கச் சொல்வார். நாளைக்கு ஏதும் கெட்டால், கெடுத்தவர் முன்னவர் என்று காட்ட வேண்டுமல்லவா? அந்த முன்னவரும் தனக்கு முன்னவரைக் காட்ட ஒன்று எடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். இப்படி எல்லோருடைய குற்றமற்ற தன்மையும் ஒரே டிஸ்க்கில் குவிந்து, கொழுந்தின் நிறையைப் பதிய இடமில்லாமல் போயிற்று.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு காட்டும் நிறை நேரே அந்தக் கணினிக்குத்தான் வரும். அந்திக்குள் இடம் பிறக்காவிட்டால் பெண்கள் அன்று பறித்தது அவர்கள் பேரில் ஏறாது. அவர்களில் ஒருத்தி ஜீவராணியின் அம்மா வீரம்மா.

ஜீவராணி காலையிலேயே மிகப் பழைய ஸ்னாப்ஷொட்டை அழிக்கக் கட்டளை கொடுத்தாள். எவ்வளவு அழிந்தது என்று திரையில் காட்டும் கோடு நகரவில்லை. டிஸ்க்தான் கிழடு தட்டிவிட்டது என்று நினைத்து, அழிப்பதை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். அதனால் போனது அரை நாள்.

“ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க பிள்ள,” என்றார் புதிய அதிகாரி நிரஞ்சன்.

“பண்ணுனா எல்லாமே போயிருமுங்க சார்.”

“அழிக்கிறதுக்கு இவ்வளவு நேரமா?”

“பழசு மேலதான் மத்ததெல்லாம் ஒக்காந்திருக்குங்க. மத்ததுக்கு வேணுங்கிறதப் பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் அது போகும்.”

சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகம். பிரித்துக் கொடுக்க இத்தனை நேரமா? டிஸ்க்கை வேறு யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். நிரஞ்சன் பேரில், மொத்தக் கணினியையும் வெளியே பிரதியெடுக்கும் பேக்கப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“சார், நீங்க ஏதாச்சும் ஓட விட்டீங்களா?”

“சும்மா… ஒரு பாதுகாப்புக்கு. நீங்க அழிக்கிறப்போ ஏதும் ஆனா என் தலையில விழுமே.”

வேறொரு நாளானால் தலையாட்டியிருப்பாள்.

“ஒரே வாசல்ல நீங்க சாமான் ஏத்துறீங்க, நான் எறக்குறேன். ஒண்ணு நிக்கணுங்க சார்.”

“நிறுத்தி, ஏதும் ஆச்சுன்னா?”

“நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க.”

அப்படியொரு பேச்சை அந்த அலுவலகம் கேட்டதில்லை. நிரஞ்சன் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நிறுத்தினார். கோடு மெல்ல ஊர்ந்தது.

மடுவத்திலிருந்து முதல் நிறை வந்து பதிந்தபோது மலையெங்கும் மழை. கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் வீரம்மா.

“என்னடி, நான் எடுத்ததுல கொறச்சுக் காட்டுது?”

“ஈரக் கொழுந்தும்மா. தண்ணிக்குக் கழிச்சிருக்கு.”

“நாள் பூரா என்னத்தையோ அழிச்சியாம்ல, அந்தக் கழிவ அழிக்க முடியலையா?”

“அதுக்கு என்கிட்ட பாஸ்வேர்ட் இல்லம்மா.”