வலைக்கண் விட்ட ரோடு

தார் ரோட்டில் வலையைப் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. டச்சுக் கல்லறையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொன்னேரிக்குப் போகும் அந்த ரோடு கோடையில்தான் போட்டது. அதற்குள் மயிரிழை விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டம் கட்டமாய் நின்றன. மீன்பிடிக்கிற எங்கள் ஆட்கள் வலைக்கண்ணை விரலால் அளப்பார்கள். இது இரண்டு விரல், அது நாலு விரல் என்று. நானும் குனிந்து விரலை வைத்தேன். நாலு. பத்து நாள் கழித்து அதே இடத்தில் மூன்று. கண் இப்படிச் சிறுத்துக்கொண்டே போனால் ஒருநாள் துண்டு பெயர்ந்துதானே ஆகவேண்டும்? அப்படியானால் பள்ளம் எங்கே விழும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாமே.

கணக்கு நோட்டின் கடைசியில் ரோட்டை வரைந்தேன். அடையாளத்துக்குக் கரண்ட் கம்பங்களை எண்ணிக்கொண்டேன். ஒன்றரை விரலுக்கு வந்த கட்டம் அடுத்த மழையில் உடைந்தது. என் கால் தரையில் நிற்கவில்லை.

பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் லோடு ஆட்டோ ஓட்டிய மாமா சிரித்தார்.

“இன்னா பாப்பா, ரோட்டுக்கு ஜோசியமா? என் டயரு எப்ப வெடிக்கும்னும் பாத்து சொல்லு.”

அத்தை சிரிக்கவில்லை. அவளுக்கு அது ஏழாம் மாதம். ஆஸ்பத்திரி பொன்னேரியில்.

“மழத்தண்ணி நின்னா பள்ளம் எங்க கீதுன்னு எவனுக்குத் தெரியும்? நீ நல்லா அளந்து வைடி.”

தண்ணீர் நிற்கிற தாழ்ந்த பகுதி முழுவதையும் சனிக்கிழமைகளில் நடந்து அளந்தேன்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு காலையில் அத்தைக்கு வலி கண்டது. மாமா மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு மெத்தையைப் போட்டார். பின்னால் அம்மா அத்தையைப் பிடித்துக்கொள்ள, நான் நோட்டோடு மாமா பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தேன். ரோடு எது, வயல் எது என்று தெரியாத தண்ணீர்.

“பதினேழாம் கம்பம், மாமா. எடது பக்கம் பள்ளம்.”

ஒடித்தார். ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தைத் தப்பினோமா, அங்கே பள்ளமே இல்லையா என்று பார்க்க வழியில்லாததுதான் எனக்கு வேதனை. முன்னால் பைக்கில் போனவர் நான் குறித்திருந்த இடத்தில் தண்ணீருக்குள் சாய்ந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன்.

சிறுபாலத்துக்கு முந்தைய வளைவு வந்தது. அங்கே ஒரு விரிசல் கோடுகூடக் கிடையாது என்று நோட்டு சொன்னது.

“ஒண்ணுமில்ல மாமா, நேரா போ.”

முன்சக்கரம் அச்சுவரை இறங்கியது. அத்தை அலறினாள். வயலில் நின்றவர்கள் ஓடிவந்து, அவளைத் தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. “ரோட்ட அளந்தாப்ல எம் பொண்ண அளந்துடாதடி,” என்றாள் அத்தை, அந்தக் களைப்பிலும்.

தண்ணீர் வடிந்ததும் மாமாவோடு போய்ப் பார்த்தேன். குழியைச் சுற்றித் தார் வழவழவென்று முழுசாக இருந்தது. அடியில்தான் மண்ணே இல்லை. என் விரல்தான் பிசகிவிட்டது என்று அழுதேன்.

“ஒம் மேல தப்பு இல்ல பாப்பா,” என்றார் மாமா, ரோட்டைப் பார்க்காமல்.

ஏன் பார்க்கவில்லை என்பது சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போன பிறகே விளங்கியது. மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருமுன் மீன் பெட்டியின் அடிமூடியைத் திருகி ஐஸ் தண்ணீரை வடிப்பது லோடு ஆட்டோக்காரர்களின் வழக்கம். விடிகாலைதோறும் மாமா உட்பட எல்லோரும் வடித்த இடம் அந்த வளைவு. தண்ணீர் தார் ஓரமாய் இறங்கி மண்ணை அரித்திருக்கிறது. மேலே விரிசல் விழ வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வருடம் மழைக்கு முன் விரிசல் இல்லாத இடங்களை அளக்கப்போகிறேன். கடப்பாரையால் தட்டிக்கொண்டே போய், சத்தம் எங்கே மாறுகிறது என்று குறிப்பதாகத் திட்டம். இப்போது எங்கெல்லாம் வடிக்கிறார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். இரண்டு இடம் சொன்னார். மூன்றாவது ஒன்று உண்டு; அது எங்கே என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை தானே கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.