ஷிபானாவின் வைரஸ் ஓடுகள்

விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் அலி அக்பரின் மகள் ஷிபானா, மதுரையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தாள். மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸின் மேலோடுதான் அவளுடைய ஆராய்ச்சி. முழு வைரஸ் தேவையில்லை. ஓட்டின் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்து, தகுந்த உப்புநீரில் விட்டால், அது தானாகவே கூடி உருண்டையாகிவிடும். கூடும்போது பக்கத்தில் மருந்து இருந்தால் அதையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். வைரஸின் மரபுப்பொருள் உள்ளே இல்லாததால் பெருகாது, தொற்றாது. இதையெல்லாம் வீட்டில் விளக்கியபோது அம்மா சம்சாத் காதில் நின்றது ‘வைரஸ்’ என்ற ஒரே சொல். அது அப்படியே தெருவுக்கும் போயிற்று.

ஐப்பசி மழையில் அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டொரு நாளில், கடையில் மூட்டை இறக்கும் பாண்டிச்செல்வத்தைக் கடுங்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் மனைவி பாலம்மாள் வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

“நீ மருதைல இருந்து வந்தன்னைக்கு உன் பையத் தூக்கியாந்தது அவருதான் தாயி. அதுல என்ன வச்சிருந்த? டாக்டர்கிட்ட சொல்லணும்ல.”

“துணிதான்க்கா. லேப்ல இருந்து எதையும் வெளிய கொண்டாரமாட்டோம்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஷிபானாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஊருக்குக் கிளம்புமுன் செய்த சோதனையில், வெற்றாக இருக்கவேண்டிய ஓடுகளுக்குள் ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள் ஏதோ தெரிந்திருந்தது. பாக்டீரியாவின் துணுக்காகத்தான் இருக்கும்; ஓடு கூடும்போது அகப்பட்டதை அள்ளிக்கொள்வது வழக்கம். தெரிந்தும், கொண்டுவந்த துணிகளையெல்லாம் கொதிநீரில் அமுக்கினாள். ஆய்வகத் தலைவி இசைவாணிக்குப் போன் போட்டாள்.

“மிளகாய் வைரஸ் மனுஷனை ஒண்ணும் செய்யாதும்மா. நீ செஞ்சது வைரஸே இல்ல.”

“தெரியும் மேடம். இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லுங்க.”

அத்தா அலி அக்பரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாண்டிச்செல்வத்தின் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. அவன் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வராந்தா தூணில் சாய்ந்து நின்றாள். தான் படித்ததில் எதுவுமே அந்த நேரத்தில் அவளுக்குத் துணைக்கு வரவில்லை.

டெங்கு என்றார் டாக்டர். தன்னால் வந்ததில்லை என்று ஷிபானா தூணை விட்டு நகர்ந்தாள். பயம் மட்டும் போகவில்லை. அது இப்போது, இவன் பிழைப்பானா என்பதாக மாறியிருந்தது. இளநீர் வாங்கிக்கொண்டு கட்டில் பக்கம் போனாள்.

பாலம்மாள் எழுந்து குறுக்கே வந்தாள். “கொசுக்காய்ச்சல்னுதான் சொல்லிட்டாக. இருந்தாலும் நீ அங்கனயே நில்லு தாயி.”

ஷிபானா இளநீரைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வார்டுக்குள் வந்துபோனவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பாண்டிச்செல்வம் தேறி, கார்த்திகையில் மறுபடி மூட்டை இறக்க வந்தான். ஷிபானா அதற்கு முன்பே, விடுமுறை முடியாமலே மதுரைக்குத் திரும்பியிருந்தாள். ஓடுகளுக்குள் இருந்தது பாக்டீரியாவின் துணுக்கேதான் என்று அங்கே உறுதியாயிற்று. ஆனாலும் ஊருக்குப் போனில் தன் வேலையைப் பற்றிப் பேசுமுன், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்கிறாள்.