மருந்துக்காரரின் பேன்ட்

வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கு மருந்தடிப்பது அவர் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக எல்லாருக்கும் அவர் மருந்துக்காரர்தான். பம்பைத் தோளில் மாட்டும் முன்பே, "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்பார். இருந்தால் தொலைந்தார்கள். தண்ணிக் கிண்ணத்தை எடுங்க, படுக்கிற சாக்கைச் சுருட்டுங்க, தரை காயுற வரைக்கும் உள்ளே விடாதீங்க என்று பாடமே நடத்திவிடுவார்.

சொந்த வீட்டில் ஒரு சொட்டு அடித்ததில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்த கொஞ்ச நேரத்தில் அவருடைய நாய் குட்டச்சி எச்சில் ஒழுக, கால்கள் வெட்டி இழுக்க விழுந்தாள். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"வீட்ல பூச்சி மருந்து அடிச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க? என் வீட்ல அந்த வாடையே கிடையாது" என்று எகிறினார் மருந்துக்காரர்.

டாக்டர் அவருடைய பேன்ட்டைப் பார்த்தார். காலையில் டப்பா சாய்ந்து, தண்ணீர் கலக்காத மருந்து முழங்காலிலிருந்து பாதம் வரை வழிந்திருந்தது. அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக குட்டச்சி தினமும் நக்குவது அந்தக் கால்களைத்தான். நன்றியுள்ள பிராணி என்று அவரும் நீட்டிக்கொண்டு உட்காருவார்.

குட்டச்சி பிழைக்கவில்லை.

மறுநாள் ஒரு வீட்டு வாசலில், வாலை ஆட்டிக்கொண்டு ஒரு நாய் அவர் காலை நோக்கி ஓடி வந்தது.

"நாயைப் பிடிங்கம்மா" என்று கத்தினார்.

"நீங்க இன்னும் மருந்தே அடிக்கலையே?"

"நான் வந்துட்டேன்ல" என்றார்.