பென்னலூர்க் கொல்லையில் மூன்று சிவப்புக் கொடிகள்

போன வாரம் சுங்குவார்சத்திரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் ஒரு பெண் என்.சி.சி. பெல்ட் ஒன்றை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியுடையதாக இருக்கும். பித்தளை பாலிஷ் வாசனை. நம்பமாட்டீர்கள், அந்த வாசனை வந்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

தொண்ணூற்றொன்றில் நான் சென்னையில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆசையெல்லாம் ராணுவத்தின் மேல். பெண்களை அதிகாரிகளாக எடுப்பார்கள் என்று அப்போது வெறும் பேச்சுதான். அந்தப் பேச்சை நம்பி தினமும் விடியலில் கடற்கரையில் ஓடினேன். "நாடும் நாடும் அடிச்சிக்கினா உனுக்கு இன்னா?" என்பார் அப்பா. என்.சி.சி.யில் எங்களுக்குப் பயிற்சி தந்த ஹவில்தாரை 'ஸ்டாஃப்' என்று கூப்பிடுவோம். அவர் தீர்ப்பு இன்னும் சுருக்கம்: "படிப்பு வேற, படை வேற. தலைமைன்னா தொண்டைம்மா." நானும் தொண்டையை நன்றாகவே வளர்த்துவைத்திருந்தேன்.

அந்த டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே பத்து நாள் முகாம். ஒரு நாள் வரைபடப் பயிற்சி. நான்கு பெண்கள், ஒரு திசைகாட்டி, ஒரு ராணுவ வரைபடம், ஒரு கட்டு சிவப்புக் கொடி. நான்தான் தலைவி. பென்னலூர்ப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் மூன்றாவது கொடியை நட்டபோது குரல் கேட்டது.

"ஏய்! இன்னாத்த அளக்கிறீங்க?"

களைக்கொத்தோடு ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். வந்த வேகத்தில், திசைகாட்டி வைத்திருந்த ஸ்டெல்லாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். திரும்பிப் பார்ப்பதற்குள் முப்பது.

"எந்தக் கம்பெனிக்காரன் அனுப்பிச்சான்? இன்னிக்கு கொடி நடுவீங்க, நாளைக்கு கல்லு நடுவீங்க, அப்பால நோட்டீசு ஒட்டுவீங்க!"

"இல்லீங்க, நாங்க காலேஜ் பொண்ணுங்க..."

"காக்கி போட்டா நீ கலெக்டரா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

ஏரிக்கரை மேலிருந்து ஸ்டாஃப் பார்த்துவிட்டார். "ஸ்டேஷன்ல சொல்லி ஆள கூட்டியாறேன்! மேப்ப மட்டும் வுட்டுடாத!" என்று கத்தியபடி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். போலீஸ் வந்தால் லத்திதான் முதலில் பேசும். ஊர்க்காரர்களும் கையில் கிடைத்ததை எடுப்பார்கள். நடுவில் ஸ்டெல்லா. என்னிடம் இருந்தது அரை மணி நேரம்.

தொண்டையைத் திறந்தேன். ஸ்டெல்லாவைத் தவிர மற்ற இருவரையும் தோளோடு தோள் சேர்த்து என் பக்கத்தில் நிறுத்தினேன். விளைவு? களைக்கொத்துகள் உயர்ந்தன. ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து என் தொப்பியைத் தட்டிவிட்டது.

குனிந்து தொப்பியை எடுக்கும்போதுதான் உறைத்தது. ஒரு நாடு தன் காவலுக்கென்று செய்வது அடுத்த நாட்டின் கண்ணுக்குப் படையெடுப்பாகத் தெரியும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வேறு! அடுத்தவர் நிலத்தில் கொடி நட்டு, அவர் எதிரே அணிவகுத்தும் நிற்கிறேன்.

"எல்லாரும் உக்காருங்கடி," என்றேன்.

"அக்கா, முள்ளு கீது."

"பரவால்ல, உக்காரு."

உட்கார்ந்திருக்கும் பெண்களை அடிக்க யாருக்கும் கை வராது போலிருக்கிறது. இரைச்சல் பாதியானது. "எதுக்குப் பயப்படுறீங்க, அத சொல்லுங்க," என்று ஸ்டெல்லாவைப் பிடித்திருந்தவளைக் கேட்டேன்.

"மண்ணூர்ல எங்க நாத்தனார் நெலத்துல இப்பிடித்தான் கொடி நட்டுட்டுப் போனானுங்க. அதுலேர்ந்து அது தூங்கறதே இல்ல."

வரைபடத்தைத் தரையில் விரித்தேன். ஏரி, ரோடு, அவர்கள் கிணறு. கிணற்றைச் சுற்றி நான் பென்சிலில் போட்டிருந்த வட்டத்தின் மேல் அவள் விரல் நின்றது.

"இது இன்னாத்துக்கு?"

"எங்களுக்கு ஒரு அடையாளம்."

"அழி."

ஸ்டெல்லா சும்மா இருந்த கையால் பையைத் துழாவி ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். அழித்தேன். கொடிகளை அவளையே பிடுங்கச் சொன்னேன். ஒரு கையால் ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டே மூன்றையும் பிடுங்கி என் முன்னால் போட்டாள். பிடி மட்டும் தளரவில்லை.

"நெலத்த எடுக்க மாட்டோம்னு சொல்லு."

"நாங்க எடுக்க மாட்டோம்."

"நீங்க இல்ல. யாரும்."

தூரத்து ரோட்டில் ஜீப்பின் புழுதி தெரிந்தது.

"யாரும் எடுக்க மாட்டாங்க," என்றேன்.

கையை விட்டாள்.

ஜீப் வந்தபோது அதற்கு அங்கே வேலை இல்லை. "இதெல்லாம் உன் பொஸ்தகத்துல கீதாம்மா?" என்றார் ஸ்டாஃப், திரும்பும் வழியில். "கீது ஸ்டாஃப்," என்றேன் பெருமையாக. முகாம் அறிக்கையில் தலைமைப் பண்புக்கு 'மிக நன்று' போட்டார். அனுப்பியவர் தராத வாக்கைத் தூது போனவர் தரக் கூடாது என்றும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

போன வாரம் டீ குடித்த கையோடு அங்கே போய்ப் பார்த்தேன். அந்தக் கொல்லை இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்துத் தார் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதே ஊர்க்காரர். சில வருஷம் கழித்து நிலம் அளக்க வந்தவர்கள் காக்கி போடவில்லையாம். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு, அந்தக் களைக்கொத்துக்காரி வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தார்களாம்.

"அதுக்கு ஒண்ணுமே புரியலங்க," என்றார் அவர். "'யாரும் எடுக்க மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, நீங்க அதுகிட்ட கேட்டுக்கினு வாங்க'ன்னு அவங்கள திருப்பித் திருப்பி அனுப்பிக்கினே இருந்துச்சு."