குழந்தையைக் கீழே இறக்காத பூட்ஸ்

இர்யா லுஒமாவுக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வாக்கியம் சரியாக வரும்வரை சோற்றையும் மறந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் சேய்னயோகி நகரில் குளிர்கால பூட்ஸ் செய்து விற்கும் முதலாளி தௌனோ ஹிஸ்ஸாவிடம் மட்டும் அவள் எழுத்து எடுபடவில்லை. கிறிஸ்துமஸ் கேட்டலாக்கில் பூட்ஸ் பக்கம் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்.

பொருளில் என்ன இருக்கிறது, அதனால் வாங்குபவருக்கு என்ன பயன், அந்தப் பயன் அவர் மனதில் எங்கே போய்த் தொடும்: இதை விளம்பர வாசகமாக எழுதுவதுதான் அவள் தொழில். மனதைத் தொடும் இடம் வந்ததும் தௌனோவின் சிவப்புப் பேனா இறங்கிவிடும்.

“‘பாதங்களுக்கு ஓர் அரவணைப்பு’. ஏம்மா, பூட்ஸு கட்டிப்பிடிக்குமா?”

“அது ஒரு உணர்ச்சிங்க, தௌனோ.”

“நிரூபிக்க முடியுமா? முடியாதுன்னா அடிச்சுடு. கம்பளி எட்டு மில்லிமீட்டர்னு போடு, போதும்.”

“எட்டு மில்லிமீட்டரைப் பாத்து எவன் மனசு உருகும்?”

“கால் சூடா இருந்தா போதும். மனசு எதுக்கு உருகணும்?”

எழுதுவதும் அடிபடுவதுமாக நாட்கள் போயின. கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

முதல் பனி விழுந்த காலையில் மகளைக் காப்பகத்தில் விடப் போனாள். வாசல் அறையில் ஓர் இளம் தகப்பன், கைக்குழந்தையோடு, கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். கயிறு கட்ட இரண்டு கை வேண்டும். குழந்தையை ஈரத் தரையில் இறக்கினான். அது வீரிட்டது.

இர்யா அலுவலகத்துக்கு ஓடினாள். ஹிஸ்ஸா பூட்ஸில் கயிறு கிடையாது. பக்கவாட்டில் ஜிப், அதில் விரல் நுழையும் வளையம். எழுதினாள்: ‘வளையத்தை ஒரு விரலால் இழுங்கள், ஜிப் ஏறிவிடும். குழந்தையைக் கீழே இறக்க வேண்டியதில்லை.’

தௌனோ படித்தார். பேனா இறங்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் பூட்ஸை மாட்டினார். ஜிப் ஏறியது. மறுபடி செய்தார், ஏறியது. அடுத்த தடவை கணுக்காலில் சிக்கியது. இழுத்த இழுப்பில் பெட்டி கீழே விழுந்தது.

“பொட்டிக்குப் பதிலா புள்ளையா இருந்தா?”

“‘பெரும்பாலும்’னு ஒரு சொல்லு சேத்துடறேன்.”

“பெரும்பாலும் புள்ளைய கீழ போடமாட்டீங்கன்னா? நல்லா விக்கும்!”

“அப்ப இதையும் அடிச்சுடுங்க!”

“அடிக்க மாட்டேன். வாக்கியம் சரி. ஜிப்புதான் தப்பு. பட்டறைல சொல்லி மாத்தச் சொல்றேன்.”

“எப்ப வரும்?”

“அடுத்த குளிர்காலத்துக்கு.”

“இந்தக் கேட்டலாக்?”

“போன வருஷப் பக்கமே போகட்டும்.”

“என் வேலை?”

“உன் பக்கம் அச்சேறட்டும், பாக்கலாம்.”

“நல்லா எழுதினதுக்குத் தண்டனையா?”

“மோசமா எழுதியிருந்தா நானே அடிச்சுட்டுப் போயிருப்பேன். இப்ப மொத்தப் பட்டறையுமில்ல மெனக்கெடணும்!” என்று அவரும் எரிச்சலோடு எழுந்து, பூட்ஸைத் தூக்கிக்கொண்டு பட்டறைப் பக்கம் போனார்.

இர்யா தன் தாளை எடுத்துக்கொண்டாள். பிறகு, அந்த மனிதர் ஜிப்பையாவது ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கிறாரா பார்ப்போம் என்று முணுமுணுத்தபடி பின்னாலேயே நடந்தாள்.