அவள் காலுக்கு ஏற்ற கும்மி

கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து நான் திருவண்ணாமலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை தங்கவில்லை, தலைவலி மட்டும் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. "சின்ன வயசுல கும்மி அடிச்சிருக்கியா? மறுபடி அடி. தனியா வேணாம், நாலு பேரைச் சேர்த்துக்கோ" என்றார்.

மல்லாட்டைக் கடலை காயவைக்க எங்களுக்கு ஒரு சிமெண்ட் களம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் காலியாகிவிடும். தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். குருக்கள் வீட்டு மாமி வந்தாள். வெள்ளையடிக்கப் போகிறவள் வந்தாள். பீடி சுற்றுகிற முஸ்லிம் அக்காவும் வந்தாள். ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள், களத்தில் ஒரே வட்டமாக நின்றார்கள். பாட்டை நான்தான் எடுத்துக்கொடுப்பேன். களமும் என்னுடையது, பாட்டும் என்னுடையது. அந்த நினைப்பிலேயே பாதித் தலைவலி போயிற்று.

பக்கத்துச் சந்தில் ஜாக்கெட் தைக்கிறவள் ஒருத்தி இருந்தாள். சின்ன வயசுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. மிதிக்கிற மிஷின் ஆகாது, கையால் சுற்றுகிற மிஷின்தான். சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளை "நீயும் வாயேன்" என்று நான்தான் கூப்பிட்டேன்.

அவள் ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து, பிறகுதான் கை தட்ட முடியும். வட்டம் அவளுக்காக நின்று நின்று நகர்ந்தது. முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் பேசவே இல்லை. ஒரு அடி, ஒரு மூச்சு, ஒரு தட்டு. பாட்டே தேவைப்படவில்லை. முடிந்ததும் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிராகாரம் சுத்தறச்சேகூட மனசு இப்படி அடங்கினதில்லேடி" என்றாள். என்னிடம் இல்லை, அவளிடம்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவள் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. சூம்பின காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் பட்டேன்.

ஒரு சனிக்கிழமை, "இன்னைக்குப் பழைய பாட்டு" என்று ஆரம்பித்து வேகமாக எடுத்தேன். சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டினேன், அவளைப் பார்த்துக்கொண்டேதான் கூட்டினேன். நாலாவது சுற்றில் விழுந்தாள். முழங்கையில் ரத்தம். மற்றவர்கள் ஓடித் தூக்கினார்கள், யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை. அவள் மட்டும் புடவையைத் தட்டிக்கொண்டே என்னை ஒரு முறை பார்த்தாள்.

அடுத்த இரண்டு வாரம் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நிஜமாகவே வந்துவிட்டது. நான் இல்லாமலே என் களத்தில் கை தட்டும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

மூன்றாவது வாரம் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"எதுக்குக்கா அவ்ளோ வேகமா பாடினீங்க?"

"நீ விழணும்னுதான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. "எல்லாரும் உன்கிட்டயே நிக்கிறாங்க."

முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அதுக்கு நான் என்ன பண்றது? உங்க மேல ஜாஸ்தி கோவம்தான், இன்னும் போகலை. ஆனா களத்துக்காரி வராம நாங்க மட்டும் ஆடறது நல்லா இல்ல. வாங்க, எனக்கு அடுத்தாப்ல நில்லுங்க. விழுந்தா நீங்கதான் தூக்கணும்."

போனேன். என் கால் அவள் காலுக்கு இணங்க மழைக்காலம் வரை ஆயிற்று. தலைவலி குறைந்தது. பொறாமை முழுசாகப் போகவில்லை. மாமி அவள் தோளைத் தொடும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும். அவளிடமே சொல்லிவிடுவேன், "இன்னைக்கும் வந்துச்சு."

"எவ்ளோ?"

"கம்மிதான்."

சிரிப்பாள்.

சில வருஷம் கழித்துக் களத்தில் என் வீட்டுக்காரர் கிடங்கு கட்டினார். கும்மி அவள் அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்கு மாறியது. அங்கே எனக்கென்று எதுவும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் போனேன்.