அத்தான் முறுக்கிய முழங்கால்

என் வலது முழங்காலின் தசைநாரை அறுத்தது என் அக்கா புருஷன். கத்தியால் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூரில் ஒரு மாடி ஹாலில், ஜியு-ஜிட்சு என்கிற மல்யுத்தப் பயிற்சியில். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இதைச் சண்டை என்றுதான் சொல்கிறார்கள். விளையாட்டு என்று நான் திருத்தினால் அக்கா முறைக்கிறாள்.

காலைப் பூட்டுகிற பிடிகளிலேயே மோசமானது ஹீல் ஹூக். எதிராளி நம் காலைத் தன் இரண்டு காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, நம் குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டித் திருப்புவான். திருப்புவது குதிகாலை, போவது முழங்கால். மற்ற பிடிகளில் முதலில் வலிக்கும், அப்புறம்தான் ஏதாவது ஆகும். இதில் வலி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததுமே, தோற்றேன் என்பதற்கு அடையாளமாகக் கையால் தரையையோ அவன் உடம்பையோ தட்டிவிட வேண்டும். தட்டினால் அவன் விட்டுவிடுவான். கோச் முதல் நாளே சொன்ன பாடம் இது, எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் கட்டிங் பார்க்கிறவன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அத்தான் ஆட்டோ ஓட்டுகிறார். "மாப்ளே, ஒனக்குக் காலுதான் சோறு போடுது, மறந்துராத" என்று அடிக்கடி சொல்வார். சொன்ன மனுஷன் கையில்தான் அன்றைக்கு அந்தக் கால் மாட்டியது.

இடது காலால் அவரைத் தள்ளி விலக்கப் பார்த்தேன். அது நழுவி நேரே அவர் வாயில் போய் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம். அக்கா புருஷன் மூஞ்சியில் என் கால்! ஐயையோ என்று பதறி, எட்டின இடத்தில் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. ரயில் நெரிசலில் முன்பின் தெரியாதவன் மேல் கால் பட்டாலும் அதைத்தான் செய்வேன். ஆக, தட்ட வேண்டிய கை என் கண்ணில் இருந்தது. அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பிக்கொண்டிருந்தார். டப் என்று ஒரு சத்தம்.

"ஏம்ல தட்டல? தட்டியிருந்தா விட்டிருப்பம்லா?" அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. காரணத்தைச் சொன்னேன். கோச் மராட்டிக்காரர், அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இருந்தும் மரியாதையெல்லாம் பயிற்சி விரிப்புக்கு வெளியே வைத்துக்கொள் என்று ஹிந்தியில் கத்தினார். எனக்கும் கோபம் வந்தது. காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவனிடம் வந்து இப்போதுதான் பாடம் நடத்துவானா?

ஆபரேஷன் ஆயிற்று. பட்டறையில் முதலாளி பாய் ஒரு ஸ்டூல் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டு தோல் வெட்டினால் எனக்குக் கோடு கோணலாகப் போகும், அதையும் சகித்துக்கொண்டார். அக்கா அத்தானோடு பதினைந்து நாள் பேசவில்லை, தட்டை மட்டும் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். டாக்டர் நடப்பதைப் பற்றிப் பேசினார், படி ஏறுவதைப் பற்றிப் பேசினார். எனக்கு வேண்டிய பதில் ஒன்றே ஒன்று: மறுபடியும் இறங்கிப் பிடிக்க முடியுமா, முடியாதா? அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

எட்டு மாசம் கழித்து டாக்டராகவே இனி விளையாடலாம் என்றார். அடுத்த ஞாயிறே போய்விட்டேன். முதல் ரவுண்டே அத்தானோடுதான் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"வேற ஆளப் பாரேன் மாப்ளே."

"நீங்கதான் வேணும் அத்தான். சும்மா பிடிங்க, ஒண்ணும் ஆவாது."

எதிரே உட்கார்ந்தார். ரொம்ப மெதுவாக என் வலது கால் பக்கம் கையை நீட்டினார். நான் தட்டினேன். ஒன்று இரண்டு இல்லை, ஏழெட்டுத் தடவை படபடவென்று தட்டினேன். பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"நான் இன்னும் தொடவே இல்லயே மாப்ளே" என்றார்.